சிறுநீரகம் எதை எறிகிறது, எதை மீட்கிறது?

சிறுநீரகத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் பொடிகளும் சாறுகளும் இப்போது எங்கும் விற்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் குறிப்புகளோ கொத்தமல்லித் தழைக் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு, பச்சைக் கீரைச் சாறு என்று நீள்கின்றன. இவற்றை நம்புகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரகம் ஒரு வடிகட்டி என்றுதான் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம். வடிகட்டி என்றால் அதில் கசடு தங்கும். தங்கினால் அவ்வப்போது அலசிவிட வேண்டும். அப்படி நினைக்கிறவருக்கு அந்த விளம்பரம் நியாயமாகவே தெரியும். கோளாறு அந்த நினைப்பில்தான் இருக்கிறது. சிறுநீரகம் கசட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உறுப்பு அல்ல. அது எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாகப் பார்த்துவிட்டால், அதை எது காக்கும், எது கெடுக்கும் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில், எது கழிவு என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கழிவு என்றதும் மலம்தான் நினைவுக்கு வருகிறது. உடலியலில் அதன் பெரும்பகுதி கழிவு நீக்கக் கணக்கிலேயே சேராது. குடலுக்குள் இருக்கும் பொருள் குடற்சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்தால்தான் உடலுக்குள் வந்ததாகப் பொருள். மலத்தில் இருப்பவை நீரும், செரிக்காத நாரும், குடல் பாக்டீரியாக்களும். இவை வாய் வழியே வந்து, உடலோடு கலக்காமலே வெளியேறுகின்றன. உயிரணுக்கள் தங்கள் வேலையைச் செய்யும்போது உண்டாகும் மிச்சங்களே உண்மையான கழிவு.

மலத்தின் நிறம் மட்டும் விதிவிலக்கு. ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் வாழ்கிறது. அது சிதையும்போது ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து குடலுக்கு அனுப்ப, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை மாற்றுகின்றன. மலத்தின் பழுப்பு அங்கிருந்து வருகிறது. மாறிய பொருளில் ஒரு பங்கு ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரில் இறங்குகிறது. சிறுநீரின் மஞ்சள் அதனால்தான். பித்தக்குழாய் அடைபட்டால் மலம் வெளுத்துப்போவதும் கண் மஞ்சளாவதும் இதே கதையின் மறுபக்கம். இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியா நொதி எது என்பது 2024-இல்தான் கண்டறிந்து வெளியிடப்பட்டது. இத்தனை சாதாரணமான நிறத்துக்கான காரணம் முழுதாகத் தெரிய இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நீரை விட்டுவிட்டுப் பார்த்தால், எடையில் மிகப் பெரிய கழிவு மூச்சில் போகிறது. சும்மா இருக்கும் உடலே நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கும் மேல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. உடம்பு இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்டால் பலர் வியர்வையையோ மலத்தையோ காட்டுவார்கள். 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது, மீதி நீராகிறது. வியர்வையில் கொஞ்சம் உப்பும் துளி யூரியாவும் போவது உண்மை. ஆனால், வியர்ப்பதன் வேலை உடலைக் குளிர்விப்பது. வியர்க்க வியர்க்க நஞ்சு வெளியேறுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி, மூச்சில் போக முடியாத கழிவுகள். அவற்றில் முதன்மையானது புரதத்திலிருந்து வருவது. சோறும் எண்ணெயும் எரிந்தால் கரியமில வாயுவும் நீரும்தான் மிஞ்சும். பருப்பு, மீன், முட்டை, கறி ஆகியவற்றிலுள்ள புரதத்தில் நைட்ரஜனும் உண்டு. அது அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா மூளைக்கு நஞ்சு. மீன்களுக்கு இது சிக்கலே அல்ல. செவுள் வழியே தண்ணீரில் கரைத்துவிடுகின்றன. நிலத்துக்கு வந்த உயிர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. பறவைகளும் பல்லிகளும் அதை யூரிக் அமிலமாக்கி, நீரைச் செலவழிக்காமல் வெள்ளைப் பசையாக வெளியேற்றுகின்றன. சுவரோரம் கிடக்கும் பல்லி எச்சத்தின் நுனியில் உள்ள வெள்ளை அதுவே. நம் உடல் யூரியாவைத் தேர்ந்தெடுத்தது. அம்மோனியாவை யூரியாவாக்கும் வேலையைக் கல்லீரல் செய்கிறது. அந்த வேதிச் சுழற்சியை 1932-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்செலைட்டும் விளக்கினார்கள். கல்லீரல் முற்றாகப் பழுதடைந்த நோயாளி குழம்பிப் பேசுவதிலும் நினைவிழப்பதிலும் அம்மோனியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே கழிவு நீக்கம் சிறுநீரகத்தில் தொடங்குவதில்லை, அங்கே முடிகிறது.

அந்தச் சிறுநீரகம் விலா எலும்புகளின் கடைசி வரிசையை ஒட்டி, முதுகுப் பக்கமாக இருக்கிறது. சுமார் 11 செ.மீ. நீளம், ஏறத்தாழ 150 கிராம் எடை. இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் அரை சதவீதம்கூட வராது. ஆனால், இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இவற்றுக்குப் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் சற்று அதிகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் குளோமருலஸ் என்ற நுண்குழாய்ச் சுருள். ரத்தம் அதற்குள் அழுத்தத்தோடு நுழையும்போது அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் மட்டும் உள்ளேயே நிற்கின்றன. நீர், உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம், யூரியா என மற்ற எல்லாமே பாகுபாடின்றிக் குழலுக்குள் இறங்கிவிடுகின்றன. நல்லது கெட்டது என்ற பிரிவினை அந்த இடத்தில் கிடையாது.

இப்படி இறங்கும் நீரின் அளவு நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர். நம் உடலில் இருக்கும் ரத்தப் பிளாஸ்மாவோ மூன்று லிட்டர்தான். அதாவது, ஒரே பிளாஸ்மா ஒரு நாளில் அறுபது முறை வடிக்கப்படுகிறது. அந்த 180 லிட்டரோடு போகும் உப்பு கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. சர்க்கரை 180 கிராம் அளவுக்கு. நாம் வெளியேற்றும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவில்தான்; அதில் உப்பு, அன்றாடம் சாப்பிட்ட சில கிராம்; ஆரோக்கியமான உடலில் சர்க்கரை அநேகமாக இல்லை. இடையில் நடந்தது என்ன? நெஃப்ரானின் நீண்ட குழல் முழுக்க உட்கார்ந்திருக்கும் உயிரணுக்கள், தேவையானவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ரத்தத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வீட்டில் சாமான்களையெல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வார்கள். சிறுநீரகம் அதே வேலையை நாளெல்லாம் செய்கிறது. அது செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பங்கு கழிவைத் தள்ளுவதற்கு ஆவதில்லை. நல்லதை மீட்பதற்கே ஆகிறது.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் உண்டு. 1924-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்ன், ரிச்சர்ட்ஸ் என்ற இருவர் தவளையின் ஒற்றைக் குளோமருலஸுக்குள் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயைச் செருகி, அங்குள்ள திரவத்தை உறிஞ்சி எடுத்தார்கள். அதில் சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரில் அவை இல்லை. உள்ளே இறங்கியவை வழியில் மீட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு நேரடிச் சான்று அது.

எல்லாவற்றையும் வெளியே விட்டு மீட்பது வீண் உழைப்பாகத் தோன்றலாம். யோசித்துப் பார்த்தால் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. கழிவைத் தேடிப் பிடிக்கும் முறையாக இருந்தால் ஒவ்வொரு கழிவுக்கும் ஓர் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். நேற்று தயாரித்த மாத்திரைக்கு அப்படி ஓர் அடையாளம் எங்கிருந்து வரும்? மீட்கும் முறையிலோ தேவையானவற்றின் பட்டியல் போதும். பட்டியலில் இல்லாதது தானாக வெளியேறும். சில பொருள்களைக் குழலின் உயிரணுக்கள் ரத்தத்திலிருந்து நேரடியாக இழுத்தும் வெளியேற்றும். பெனிசிலின் அப்படிப்பட்டது. 1941-இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அந்த மருந்தைக் கொடுத்தபோது சிறுநீரகம் அதை வேகவேகமாக வெளியேற்றியது. கையிருப்பு போதாத மருத்துவர்கள் அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்தினார்கள். அப்படியும் மருந்து தீர்ந்துபோய் அவர் இறந்தார்.

மீட்பதற்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால், குழலின் உயிரணுக்களால் அத்தனை சர்க்கரையையும் எடுக்க முடியாது. மிஞ்சியது சிறுநீரில் போகும், நீரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை நோயாளிக்கு அடிக்கடி சிறுநீர் வருவதும் தாகம் அடங்காமல் இருப்பதும் இதனால். டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் இந்த மீட்பையே வேண்டுமென்று தடுத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. குளோமருலஸின் அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் அவை காப்பது பின்னர் தெரியவந்தது.

யூரியாவைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கழிவு என்று சொல்லிவந்த அதிலும் பாதியளவு ரத்தத்துக்குத் திரும்புகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் அதைச் சேர்த்துவைத்து, அங்குள்ள உப்போடு சேர்த்து நீரை உறிஞ்சும் விசையாக உடல் பயன்படுத்திக்கொள்கிறது. மூளையிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் வரும்போது இந்த விசை வேலை செய்து, சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. நீர் நிறையக் குடித்தால் அந்த ஹார்மோன் அடங்கி, சிறுநீர் தெளிவாகிறது. மது அதை அடக்கிவிடுவதால்தான் குடித்தவருக்கு அடிக்கடி சிறுநீர் பிரிந்து, மறுநாள் நாக்கு வறள்கிறது.

எவ்வளவுதான் சிக்கனம் செய்தாலும் அன்றாடக் கழிவைக் கரைத்து அனுப்ப அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். அதற்குமேல் எவ்வளவு குடிப்பது என்பதில்தான் குழப்பம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிகம் குடிக்க வேண்டும். நாளொன்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்கு. மற்றவர்களுக்குத் தாகமும் சிறுநீரின் நிறமும் போதுமான வழிகாட்டிகள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சள் என்றால் இன்னும் குடிக்க வேண்டும். கூடுதலாகக் குடிக்கும் நீர் பழுதான சிறுநீரகத்தைச் சீராக்காது. கனடாவில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளை அதிக நீர் குடிக்கவைத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. ஓராண்டுக்குப் பிறகும் நோயின் வேகம் குறையவில்லை.

நீர் கிடைக்காமல் போவது வேறு விஷயம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்து வெயிலில் நாள் முழுக்க நிற்கிறவர்களின் உடல் வியர்வையில் நீரை இழந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் வெப்பத்துக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டியிருக்கின்றன. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர்கள் இதே போன்ற நோயால் இறந்திருக்கிறார்கள். இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளிடம் 1990-களிலிருந்து பரவலாகத் தெரியும் சிறுநீரக நோய்க்கு நிலத்தடி நீர், பூச்சிமருந்து, வெப்பம் என்று பல காரணங்கள் விவாதிக்கப்படுகின்றன. உப்பளப் பெண்கள் பலர் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார்கள். அவர்களுக்கு நிழலும் குடிநீரும் கழிப்பறையும் கொடுப்பது முதலாளியின் தயவு அல்ல. சிறுநீரக நோயைத் தடுக்கும் மருத்துவமே அதுதான்.

சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. கல் அடைத்தால் வலிக்கும். நெஃப்ரான்கள் அழியும்போது வலிக்காது. பிறந்த பிறகு புதிய நெஃப்ரான் உண்டாவதும் இல்லை. சில அழிந்தால் மிஞ்சியவை கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்கின்றன. அதனால் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, அளவு சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைகிறோம். தசைகளிலிருந்து வரும் இந்தக் கழிவு, சிறுநீரகத்தின் செயல்திறனில் பாதி போகும்வரை சாதாரண அளவுக்குள்ளேயே நிற்கக்கூடும். அதனால் கிரியேட்டினினோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறனையும், சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே நிற்க வேண்டிய ஆல்புமின் வெளியே வருகிறது என்றால் குளோமருலஸ் காயப்பட்டிருக்கிறது என்று பொருள். கிரியேட்டினின் ஏறுவதற்கு நெடுநாள் முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும். சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பதும் ஓர் எச்சரிக்கை.

குளோமருலஸைக் காயப்படுத்துவதில் முன்னால் நிற்பவை சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும். அந்தச் சுருள் வேலை செய்வதே அழுத்தத்தால். மற்ற நுண்குழாய்களைவிட அங்கே அழுத்தம் அதிகம். உடலின் ரத்த அழுத்தமும் ஏறினால் ஆண்டுக்கணக்கில் அது அடி வாங்குகிறது. அடுத்தது வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை, சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருக்கும் புராஸ்டாகிளாண்டின்களைத் தடுக்கின்றன. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும், வயிற்றுப்போக்கில் உடல் வறண்டிருக்கும்போது விழுங்குகிறவர்களும் தங்கள் சிறுநீரகத்தைப் பட்டினி போடுகிறார்கள்.

சுத்தம் செய்வதாகச் சொல்லும் சாறுகள் எங்கே போய் நிற்கும் என்பதற்குக் கேரளத்திலிருந்து ஓர் உதாரணம் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிப் புளியின் அடர்ந்த சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-இல் பதிவுசெய்தார்கள். அந்தக் காயிலிருக்கும் ஆக்ஸலேட், குழல்களில் படிகமாகப் படிந்திருந்தது. பசலைக்கீரையையும் பீட்ரூட்டையும் நாள்தோறும் சாறாக்கிக் குடிப்பதிலும் இதே அபாயம் இருக்கிறது. குழம்பில் போட்டுச் சாப்பிடும் கீரைக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஒரு கட்டுக் கீரையை ஒரே டம்ளரில் இறக்குவதுதான் சிக்கல். பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில், உடல் இளைக்கவென்று மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தையே இழந்தார்கள். அதில் கலந்திருந்த ஒரு செடியின் அரிஸ்டோலோகிக் அமிலம் அதற்குக் காரணம். இயற்கையானது என்பதால் ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. இளநீர்கூட அப்படித்தான். நல்ல உடம்புக்கு அது அருமையான பானம். சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் அன்போடு வாங்கிச் செல்வதற்கு முன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டால் இயந்திரம் இருக்கிறது. நாஜிகள் பிடியில் இருந்த நெதர்லாந்தில், 1943-இல் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தொத்திறைச்சிக்கு உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி அந்த முதல் இயந்திரத்தை அமைத்தார். 1945-இல்தான் அதனால் ஒருவர் பிழைத்தார். இன்று லட்சக்கணக்கானோர் டயாலிசிஸால் வாழ்கிறார்கள். தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதன் செலவை ஏற்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸுக்கான பைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஆனால், வாரத்துக்கு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் என்றால் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம்தான் இயந்திரம் வேலை செய்கிறது. ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்டினையும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யின் செயல்வடிவத்தையும் அதனால் தர முடியாது. இவற்றையெல்லாம் சேர்த்துத் தருவது மாற்றுச் சிறுநீரகம் மட்டுமே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1971-இலேயே அந்தச் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுத்தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2008-இல் தொடங்கியது; உறுப்பு தந்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என 2023-இல் அறிவித்தது. இருந்தும், காத்திருப்போர் பட்டியலுக்கு முன்னால் கிடைக்கும் உறுப்புகள் மிகக் குறைவு.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறுநீரக நோய் இருந்தவர்கள், வெயிலில் உழைப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். பொடி டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தைவிட இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆல்புமின் தென்பட்ட உடனே சிகிச்சையைத் தொடங்கினால், டயாலிசிஸ் வரை போகாமலே பலரைக் காப்பாற்ற முடியும்.